வயிற்றுக் குட்டிக்கும் வெயில் சுடும்

வெண்பன்றி வளர்ப்போர் கோடையில் கவனிப்பது கண்ணுக்குத் தெரிகிற பன்றியைத்தான். மூச்சிரைக்கிறதா, தீவனம் எடுக்கிறதா என்று பார்த்து, இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சினைப் பன்றியின் வயிற்றிலுள்ள குட்டிகளும் அதே வெயிலைத்தான் தாங்குகின்றன. அதன் விலை மாதங்கள் கழித்து எடை போடும்போது தெரியும். அப்போது நாம் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பன்றிக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி இல்லை. வெப்பம் 25 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதே சினைப் பன்றி சிரமப்படத் தொடங்கும். நம் ஊர் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். சூட்டை வெளியேற்ற உடல் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிடுகிறது. கருப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தாயும் குறைவாகத் தின்கிறது.

சினைக்காலம் 3 மாதம், 3 வாரம், 3 நாள், அதாவது 114 நாள். முதல் மாதத்தில் கடும் வெப்பம் தாக்கினால் கரு தங்காமல் போகும், ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறையும். கடைசி மூன்று வாரத்தில் தாக்கினால் செத்துப் பிறப்பவை கூடும். இவை நமக்குத் தெரிந்த இழப்புகள். தெரியாதது நடுச்சினையில் நடக்கிறது. குட்டியின் தசை இழைகள் ஏறத்தாழ 35ஆம் நாள் தொடங்கி 90ஆம் நாளுக்குள் உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு இழை தடிக்குமே தவிர, எண்ணிக்கை கூடாது. மார்ச் தொடக்கத்தில் இணை சேர்த்தால் இந்த நாட்கள் அப்படியே ஏப்ரல், மே மாதங்களில் விழுகின்றன.

அமெரிக்காவின் மிசோரி, அயோவா, பர்டியூ பல்கலைக்கழகங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெப்பத்தில் சினையாக இருந்த தாயின் குட்டிகளுக்கு உடல் சூடு பிறவியிலேயே சற்றுக் கூடுதல். உயிர் தரிக்கவே அதிகத் தீவனம் செலவாகிறது. வளர்ந்த பருவத்தில் தின்றது சதையாவதைவிடக் கொழுப்பாக அதிகம் படிகிறது. ஆண் குட்டிகளின் விதைப்பை வளர்ச்சியும் விந்து உற்பத்தியும் குறைகின்றன. எல்லாச் சோதனையிலும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. ஆனால் போகும் திசை ஒன்றுதான்.

நான் பயிர் படித்தவன். பூக்கும் வேளையில் 35 டிகிரிக்கு மேல் சுட்டால் நெல் பதராகும் என்பது உழவர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதர் அறுவடையன்றே கண்ணில் படும். பன்றியில் அது தெரிய எட்டு, பத்து மாதம் ஆகிறது.

ஆண்டுக்கு இரண்டு ஈற்று எடுக்கும் பண்ணையில் ஒன்று வெயிலில் விழத்தான் செய்யும். அதனால் இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் பெட்டையையும் கிடாவையும் குளிர்ந்த மாதச் சினையில் பிறந்தவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். வெயில் ஈற்று இறைச்சிக்குப் போகட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் இணை சேர்த்தால் டிசம்பர் கடைசியில் குட்டி கிடைக்கும். குட்டிக்குக் குளிருக்கு ஒரு பல்பு போட்டால் போதும்.

கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். தண்ணீரை ஊற்றுவதைவிட, தெளித்துக் காயவிட்டு மறுபடி தெளிப்பதே பலன் தரும். ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்குகிறது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் தெளித்தால் புழுக்கம்தான் மிஞ்சும், மின்விசிறி வேண்டும். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். ஒரு சினைப் பன்றிக்கு நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் நிழலில் இருக்கும் தண்ணீர் வேண்டும்.

தேசிய கால்நடை இயக்கம் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் தருகிறது. திட்ட அறிக்கை எழுதும்போது கொட்டகைச் செலவிலேயே தெளிப்பான், விசிறி, கூரை உயரம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு சேர்ப்பது சிரமம். மானியத்தை ஆய்வு செய்யும் அதிகாரிகளும் பன்றி எண்ணிக்கையோடு இதையும் பார்க்க வேண்டும்.

பால் மறந்த குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இழப்பைக் கடைசியில் சுமப்பவர் நீங்கள்தான், குட்டியை விற்றவர் அல்ல. இனம், எடை, தடுப்பூசி எல்லாம் கேட்கிறீர்கள். தாய் எந்த மாதங்களில் சினையாக இருந்தது, கொட்டகையில் விசிறி இருந்ததா என்பதையும் கேட்டு, அதற்கேற்ப விலை பேசுங்கள்.