வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரில்

2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலையை வெள்ளம் சூழ்ந்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்றனர். 2024 மார்ச்சில் அதே நகரில் மக்கள் காலிக் குடங்களுடன் டேங்கர் லாரிகளுக்குக் காத்து நின்றனர். பதினெட்டு மாத இடைவெளியில் நேர்ந்த இவ்விரண்டையும் இயற்கையின் சீற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. பருவநிலை மாற்றம் மழையின் ஒழுங்கைக் குலைக்கிறது என்பது உண்மையே. ஆனால், அந்த மழையைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அழித்தது ரியல் எஸ்டேட் மூலதனத்தின் நிலவேட்டையாகும்.

கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் பாயாத மேட்டில் அமைந்த நகரம் பெங்களூரு. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லுமாறு, ராஜகாலுவே எனப்படும் கால்வாய்களால் இணைக்கப்பட்ட ஏரித் தொடரே அதன் உயிர்நாடி. ஏரிகள் மனைகளாயின, கால்வாய்களின்மீது கட்டிடங்கள் எழுந்தன. தேங்க இடமின்றி மழைநீர் சாலைக்கு வந்தது. மண்ணுக்குள் இறங்க வழியின்றி நிலத்தடி நீர் வற்றியது. வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் வேர் ஒன்றே.

2023இல் பருவமழை பொய்த்தபோது, கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பெங்களூருவில் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டன என்றும், அன்றாடப் பற்றாக்குறை 50 கோடி லிட்டர் என்றும் முதலமைச்சர் சித்தராமையா கூறினார். இச்சுமை எல்லார்மீதும் சமமாக விழவில்லை. 2007இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் அம்மக்களில் பலருக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கருமே கதி. கட்டுமானத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் கூலியில் ஒரு பங்கைக் குடத்துக்கு அளந்தனர்.

நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டம் தேவையானதே. ஆனால், மழை பொய்க்கும் ஆண்டில் ஆழ்துளைக் கிணற்றோடு காவிரியும் வற்றும். எனவே, தொலைவிலிருந்து மேலும் மேலும் நீரை ஏற்றுவது மட்டுமே பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழியாகாது. மேக்கேதாட்டு அணைக்கும் பெங்களூருவின் தாகமே காரணமாகச் சொல்லப்படுகிறது. மறுபுறம், அந்நகரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, தென்பெண்ணை வழியே ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. குடித்த நீரின் கணக்கு காவிரி விவசாயிகளிடமும், கழித்த நீரின் கணக்கு தென்பெண்ணை விவசாயிகளிடமும் வந்து சேர்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. சுத்திகரித்த கழிவுநீரை வறண்ட கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் சுத்திகரிப்புத் தரத்தை உயர்த்தி, விரிவாக்க வேண்டும். ஏரிகளையும் கால்வாய்களையும் மீட்க வேண்டும். அவற்றின் கரையில் வாழும் ஏழைகளின் குடிசைகளில் தொடங்காமல், பெருநிறுவன ஆக்கிரமிப்புகளில் தொடங்க வேண்டும். டேங்கர் நீர் வினியோகத்தைப் பொதுக் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும்.

காவிரியின் பெயரால் 1991இலும் 2016இலும் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். அந்நகரின் ஏரிகளை விழுங்கியவர்கள் தமிழ் உழைப்பாளிகளும் அல்லர். கன்னட உழைப்பாளிகளும் அல்லர். வறட்சி மிகுந்த ஆண்டுகள் இனியும் வரும். அப்போது இரு மாநில உழைக்கும் மக்களையும் மோதவிடும் முயற்சியும் வரும். அதற்குமுன், ஏரியை மீட்கும் கோரிக்கையில் அவர்களை ஒன்றுபடுத்துவதே இடதுசாரிகளின் கடமை.