மர்மமும் காதலும்: தன்பாலீர்ப்புத் தலைமாந்தரும் வாசக ஏற்பும்

கூவாகம் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையின் வாசகருக்குத் திருநங்கையர் வாழ்வு அயலானதன்று. ஆயின் ஆணை விரும்பும் ஆண் துப்பறிவாளராகவோ காதலராகவோ தலைமையேற்கும் நாவலை அவர் எவ்வாறு எதிர்கொள்வார்? பாலின அடையாளமும் தன்பாலீர்ப்பும் வேறுவேறு என்னும் தெளிவிலிருந்தே அவ்வாசிப்புத் தொடங்கவேண்டும்.

மர்ம நாவல் வாசகரை ஐயுறப் பழக்குவது. மறைக்கப்பட்ட தன்பாலீர்ப்பு இறுதியில் வெளிப்படுமாயின், அது குற்றத்தின் காரணமாகவே அவர் மனத்தில் பதியும். 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை 377ஆம் பிரிவும் அவ்வுறவைக் குற்றமென்றே வைத்திருந்தது. ஜோசப் ஹான்சனின் 'ஃபேட்அவுட்' (1970) இவ்வமைப்பைத் தலைகீழாக்கிற்று. காப்பீட்டுப் புலனாய்வாளர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டரே அதில் தன்பாலீர்ப்பினர். ஐயத்திற்குரியவராக வாசகர் எண்ணக்கூடியவரே ஐயந்தீர்ப்பவராகிறார்.

தமிழில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) இங்குக் கருதத்தக்கது. மர்ம நாவலோ காதற்கதையோ அன்றெனினும், ஆணின் இச்சைக்கு ஆட்பட்ட கணேசனைத் தொழுநோய் பற்றும்போது அதனைத் தண்டனையாகப் படிப்பது எளிது. தலைப்போ பசியை மானிடர் அனைவர்க்கும் பொதுவாக்குகிறது. தண்டனை என்பது வாசகர் கொண்டுவந்து சேர்ப்பது.

காதற்கதையில் வழக்கு முடிவைப் பற்றியது. ஃபார்ஸ்டர் 1913-14இல் எழுதிய 'மாரிஸ்' காதலரைப் பிரிக்காமல் முடிகிறது. அவர் மறைந்தபின், 1971இல்தான் அச்சேறியது. அத்தகைய இன்பமுடிவைத் தமிழ் வாசகர் நம்ப மறுப்பாராயின், அம்மறுப்பை நாவலின் குறையாகத் திறனாய்வாளர் எண்ணுதல் பொருந்தாது.