தாத்தாவுக்குக் கேட்காத விசில்

லீவுக்கு வந்திருந்த பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் வரை போய்வரலாம் என்று காரை எடுத்தேன். மரப்பாலம் சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"தாத்தா, வண்டி விசில் அடிக்குது."

"பக்கத்துல நிக்கிற பஸ்ஸா இருக்கும்மா" என்றேன்.

முருங்கப்பாக்கத்தில் மறுபடியும் சொன்னாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நானும் மிதித்து மிதித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு. சிரித்து மழுப்பிவிட்டேன்.

அவள் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். பிரேக் போட்டால் அம்மியில் கல்லைத் தேய்ப்பது போல 'கர கர' என்றது. இது எனக்கே கேட்டது. மெக்கானிக் தம்பி முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், பேடு சுத்தமா தேஞ்சு போச்சு. இரும்பு போய் டிஸ்க்கைக் கீறி வச்சிருக்கு. இத்தனை நாளா கத்தியிருக்குமே, கேக்கலையா?"

கேட்டது, பத்து வயசுப் பெண்ணுக்கு. எனக்குக் கேட்கவில்லை. பேடோடு போக வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. செலவைக்கூட விடுங்கள். அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பிரேக்கை நம்பித்தான் பாகூர் போய்வந்தேன் என்பது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பல கார்களில் பிரேக் பேடோடு ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு சுற்றும் டிஸ்க்கில் உரசி 'கிரீச்' என்று கத்தும். கத்த வேண்டும் என்றே வைத்தது அது. 'என்னை மாற்று' என்று வண்டி சொல்லும் முதல் எச்சரிக்கை. அதைக் கவனிக்காவிட்டால் இரும்போடு இரும்பு தேய்ந்து 'கர கர' வரும். அது இரண்டாவது எச்சரிக்கை.

இதில்தான் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சிக்கல். முதல் எச்சரிக்கை மெல்லிய, கூர்மையான சத்தம். வயதானால் நம் காது முதலில் இழப்பது அந்த மாதிரி சத்தத்தைத்தான். இரண்டு காதிலும் ஒரே மாதிரி, மெதுவாக, வருஷக்கணக்கில் குறைவதால் குறைவதே நமக்குத் தெரிவதில்லை. லாரி உறுமுவது கேட்கும், இடி கேட்கும். அதனால் காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். குழந்தைகள் பேசுவது மட்டும் புரியாது. 'இந்தக் காலத்துப் பசங்க வாய்க்குள்ளேயே பேசுறாங்க' என்று குறை சொல்வோம். நம் முதலியார்பேட்டையில் தறியில் நின்றவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. தறிச் சத்தத்தில் பல வருஷம் இருந்தவர் காதுக்கு இந்தக் குறை வயதாகும் முன்பே வந்துவிடும்.

நடந்ததைக் கேட்டதும் மகன் போனில் ஒரே வார்த்தையாகச் சொன்னான்: "அப்பா, வண்டி ஓட்டுறதை நிறுத்திடுங்க." நான் ஒத்துக்கொள்ளவில்லை. கண் மங்கினால் கண்ணாடி போட்டு ஓட்டுகிறோம். காது மங்கினால் மட்டும் ஏன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்? ஆனால் கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காது குறைந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறோம். ஆபத்து அந்த வெட்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 'எனக்கு ஒண்ணும் கேக்கலையே' என்று சொல்வது 'ஒன்றும் இல்லை' என்பதற்குச் சாட்சி ஆகாது.

நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாதம் ஒரு முறை வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரேடியோவையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நீளமான மதில் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சக்கரத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். என்ன கேட்கிறது என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

அதிர்வைக் கவனிக்கக் காது தேவையில்லை. கையும் காலும் பேசும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் ஏற ஏற ஏறும் 'ஹம்ம்' சத்தம் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங் மேல் சந்தேகப்படலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாலே சத்தம் வருகிறதா, ஓடினால்தான் வருகிறதா என்றும் பாருங்கள். நிற்கும்போதே வந்தால் இன்ஜின் பக்கம், ஓடும்போது மட்டும் என்றால் சக்கரத்துப் பக்கம். மெக்கானிக்கிடம் 'ஏதோ சத்தம் வருது' என்று சொல்லாமல் எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிக்கியில் உருளும் தேங்காயை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். அந்த அவமானமும் எனக்கு ஒரு முறை நேர்ந்திருக்கிறது.

சின்ன வயதில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நிற்கும்போது ஒருவர் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு வந்து சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கோயில் மணி போலக் கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். ரயில் முழுக்க அந்த ஒரு மனிதரின் காதை நம்பிப் பயணம் செய்தோம்.

காதில் விழுந்தும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ரயிலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் அதிவேக ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி அதிர்கிறது, சத்தம் போடுகிறது என்று சக்கரத்தை மாற்றினார்கள். ஒரே வார்ப்பாக இருந்த சக்கரத்துக்குப் பதில் நடுவில் ரப்பர் வைத்து, மேலே இரும்பு வளையம் போட்ட சக்கரம். சத்தம் அடங்கியது. ஆனால் அந்த வளையம் களைத்து விரிசல் விடும் என்ற புது ஆபத்து உள்ளே வந்து உட்கார்ந்தது. 1998 ஜூன் 3 அன்று எஷெடே என்ற ஊருக்குச் சற்று முன்னால், 200 கிலோமீட்டர் வேகத்தில், அந்த வளையம் உடைந்து பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. பார்த்த பயணி ஓடிப்போய் ஊழியரிடம் சொன்னார். அவரோ முதலில் நேரில் பார்த்தாக வேண்டும் என்றார். அதற்குள் ரயில் தடம் புரண்டு, பாலத்தில் மோதி, 101 பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடவில்லை என்று ரயில் ஊழியர்களே அதற்கு முந்தைய வாரங்களில் பலமுறை புகார் எழுதியிருந்தது பின்னால் விசாரணையில் வெளிவந்தது.

சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று கடலூர் சாலையில் நான் செய்ததும் அதேதான். என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்.

போன வாரம் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். படத்தில் கோடு ஆரம்பத்தில் நேராகப் போய், கூர்மையான சத்தம் வரும் இடத்தில் சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. "உங்க வயசுக்கு இது சாதாரணம்தான் சார்" என்றார் டாக்டர். அடுத்த லீவுக்குப் பேத்தி வரும்போது முன் சீட்டு அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். அவள் விசில் என்றால் வண்டியை ஓரம் கட்டுவதாக வாக்கும் கொடுத்திருக்கிறேன்.