புதுமையும் விலையும் வெற்றியும்



இந்நாளில் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வாதங்களுள் ஒன்று கைப்பேசியைப் பற்றியது. "அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் அளவிற்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று தந்தை கேட்கிறார். "புதுமைக்கு விலை உண்டு அப்பா. நன்றாக இல்லாவிட்டால் உலகம் முழுவதும் அதை வாங்குமா?" என்று மகன் விடையிறுக்கிறான். "பத்தாயிரத்திற்குக் கிடைப்பதிலும் இதெல்லாம் இருக்கிறதே!" என்கிறார் தாய். மூவரும் ஒன்றைப் பற்றியே பேசுவதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. புதியதைக் கண்டவர் யார்? அதற்குக் கேட்கப்படும் விலை நியாயமானதா? வாணிகத்தில் வென்றவர் யார்? ஒரு கேள்விக்குரிய விடையை மற்றொரு கேள்விக்குச் சான்றாகக் காட்டுவதனாலேயே இவ்வாதம் முடிவின்றி நீளுகிறது. எனவே அம்மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் வந்தவர் யார்?

திறன்பேசி, அதாவது ஸ்மார்ட்போன், 2007-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனோடு பிறந்தது என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1994-இல், ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய 'சைமன்' என்னும் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்குத் தொடுதிரை இருந்தது. அதிலிருந்து பேசலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், நாட்குறிப்பு வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தோடு அதன் விலை 899 டாலர். எடையோ ஏறத்தாழ அரைக் கிலோ. மின்கலம் ஒரு மணி நேரப் பேச்சிற்கே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்றபின், சில மாதங்களிலேயே அது கடைகளிலிருந்து மறைந்தது.

விரலால் தொட்டு இயக்கும் திரையிலும் ஆப்பிள் முதல்வர் அன்று. கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் 'பிராடா' என்னும் தொடுதிரைக் கைப்பேசியை 2006 டிசம்பரிலேயே அறிவித்தது. ஐபோன் அறிமுகமானது 2007 ஜனவரி 9-ஆம் நாள். விற்பனைக்கு வந்தது ஜூன் 29-ஆம் நாள். அந்த முதல் ஐபோனில், அக்காலத்தில் மற்றக் கைப்பேசிகளில் இருந்த மூன்றாம் தலைமுறை வலையமைப்பு வசதி இல்லை. படத்தைச் செய்தியாக அனுப்ப வழியில்லை. வெளியார் உருவாக்கிய செயலிகளைச் சேர்க்கவும் இயலாது. எழுத்தை ஓரிடத்தில் நகலெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும் எளிய வசதிகூட 2009-இல்தான் வந்தது.

அப்படியானால் அது வென்றது எவ்வாறு? தனித்தனியே பலர் கண்டவற்றை ஒரு சிறுவனும் கற்பிக்காமலே கையாளக்கூடிய முழுமையாக அது இணைத்தது. மின்கலமும் திரையும் இணைய வசதியும் அதற்குள் போதிய அளவு முதிர்ந்திருந்தன. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, உலகெங்கும் உள்ள பிறருடைய உழைப்பும் அறிவும் அக்கருவிக்குள் வந்து சேர்ந்தன. இதுவும் புதுமையே, மறுப்பதற்கில்லை. ஆனால் இஃது ஒரு தனி மனிதனின் தலையில் திடீரென உதித்த புதுமை அன்று.

யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்னும் பூசல் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. ஆப்பிள் 2011-இல் சாம்சங் மீது வழக்குத் தொடுத்தது. 2012-இல் அமெரிக்க நடுவர் குழு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று நீண்ட அவ்வழக்கு 2018-இல் இரு தரப்பாரின் உடன்பாட்டில் முடிந்தது. புதுமை யாருடையது என்று வகுத்துரைக்க நீதிமன்றத்திற்கே ஏழாண்டுகள் போதவில்லையெனில், திண்ணையில் அமர்ந்து நாம் தீர்ப்பளிப்பது எங்ஙனம்?

விலைச்சீட்டில் எழுதப்படாத விலை

இரண்டாவது கேள்வி விலையைப் பற்றியது. முதல் ஐபோனின் விலை 499 டாலர் என்றும் 599 டாலர் என்றும் இரு வகையாக அறிவிக்கப்பட்டது. அப்போது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர் அதைக் கேட்டுச் சிரித்தார். இத்துணை விலையில், விசைப்பலகையும் இல்லாத ஒரு கருவியை அலுவலகத்தார் விரும்பமாட்டார்கள் என்பது அவர் கருத்து. அவர் சிரிப்பு முழுவதும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. விற்பனை தொடங்கிய பத்து வாரங்களுக்குள் ஆப்பிள் 599 டாலர் விலையை 399 ஆகக் குறைத்தது. முதல் நாளிலேயே வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுக்கு ஆப்பிள் கடைகளில் செலவிடத்தக்க 100 டாலர் வரவு தந்து நிறுவனம் அமைதிப்படுத்தியது. ஒரே பொருள், பத்தே வாரங்கள், இருநூறு டாலர் வேறுபாடு! அதனுள் இருந்த பொருள்கள் மாறவில்லை. வாங்குபவர் எவ்வளவு கொடுப்பார் என்னும் கணிப்பே மாறியது.

2008-இல் வந்த அடுத்த ஐபோனின் விலை 199 டாலர் என்று விளம்பரமாயிற்று. அது மலிந்துவிட்டதா? இல்லை. ஈராண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட வாடிக்கையாளர் மாதந்தோறும் செலுத்திய கட்டணத்திலிருந்து, எஞ்சிய விலையைத் தொலைபேசி நிறுவனம் திரும்பப் பெற்றது. இம்முறை தமக்குத் தோன்றவில்லையே என்று பால்மர் 2016-இல் வெளிப்படையாகவே வருந்தினார். போட்டியாளருடைய கருவியைக் காட்டிலும் அதன் விலையை மறைத்த வழியே அவர் மனத்தை உறுத்தியது என்பதைக் கவனியுங்கள்.

இனி, மலிவான கைப்பேசிகளைப் பார்ப்போம். ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தின் அடிப்படை நிரலைக் கூகுள் நிறுவனம் எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்த விட்டிருக்கிறது. அது கொடை அன்று. அதன் வழியே தேடுபவர்க்கும் காண்பவர்க்கும் விளம்பரம் காட்டிப் பொருளீட்டலாம் என்பதே கணக்கு. சீனத்தின் ஷியாவ்மி நிறுவனம், கருவிகளின் விற்பனையில் தன் நிகர இலாபம் 5 விழுக்காட்டிற்கு மேற்படாது என்று 2018-இல் உறுதிமொழி கூறியது. போற்றத்தக்க சொல்தான், ஆயினும் இணையச் சேவைகளும் விளம்பரங்களும் அந்நிறுவனத்திற்குத் தனி வருவாய் வழிகளாயிருந்தன. 2016-இல் நம் நாட்டில் 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தபோது, முன்பதிவு செய்ய முண்டியடித்தவர்களின் நெருக்கடி தாங்காமல் அதன் இணையதளம் முடங்கியதையும், அடுத்த ஆண்டில் அதன் இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆகவே, "விலை அதிகமா, குறைவா?" என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக்கூடாது. "எஞ்சிய விலையை யார், எப்போது, எவ்வாறு செலுத்துகிறார்கள்?" என்றும் கேட்டல் வேண்டும்.

வென்றவர் யார்?

மூன்றாவது கேள்வி வெற்றி. உலகில் விற்கும் திறன்பேசிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே ஆப்பிளுடையது. ஆயினும் அத்தொழிலின் இலாபத்தில் பெரும்பகுதி அந்நிறுவனத்தையே சேருகிறது. மிகப் பலரைச் சென்றடைந்தவர் வென்றவரா? மிகுதியாகச் சம்பாதித்தவர் வென்றவரா? அளவுகோலை மாற்றினால் வெற்றியாளரும் மாறிவிடுகிறார்.

நோக்கியா 1100 என்னும் கைப்பேசியை நம்மில் பலர் வைத்திருந்தோம். 2003-இல் வந்த அக்கருவியில் வண்ணத் திரையோ கேமராவோ இல்லை. ஆனால் மின்தடைக்கு உதவும் டார்ச் விளக்கு இருந்தது. தூசி புகாத விசைப்பலகையும், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்களும் இருந்தன. எளிய மக்கள் எவ்விடத்தில், எவ்வாறு வாழ்கிறார்கள் என்று கவனித்துச் செய்த கருவி அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. புதுமை என்று எவரும் அதைக் கொண்டாடவில்லை. எனினும் பயன்படுத்துவோரின் தேவையைக் கூர்ந்து நோக்குவதும் புதுமையின் ஒரு வகையே.

அதே நோக்கியா, பணமும் அறிவும் குறைந்ததனால் வீழவில்லை. 2010-இல், வலையமைப்புக் கருவிகளையும் சேர்த்து, அது ஆய்வுக்காக 500 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டது. அவ்வாண்டில் ஆப்பிள் செலவிட்டதோ ஏறத்தாழ 180 கோடி டாலர். எனினும், விசைப்பலகைக் காலத்தில் பிறந்த தன் சிம்பியன் இயங்குதளத்தைப் புதிய காலத்திற்கு ஏற்ப மாற்ற நோக்கியா தடுமாறியது. 2014 ஏப்ரலில் அதன் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் வசமாயிற்று. மறு ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் அதன்பொருட்டு 760 கோடி டாலரை நட்டமாக எழுதிக் கழித்தது.

நம் மண்ணில்

இக்கதை ஃபின்லாந்திலும் அமெரிக்காவிலும் மட்டும் நிகழ்ந்து முடிந்துவிடவில்லை. நோக்கியாவின் பேராலை ஒன்று நம் திருப்பெரும்புதூரில் 2006 முதல் இயங்கியது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் இளம் பெண்கள் மிகுதி. கைப்பேசிப் பிரிவு கைமாறியபோது, வரித் தகராறு காரணமாக இவ்வாலை மட்டும் மைக்ரோசாஃப்ட்டுக்கு மாற்றப்படாமல் நின்றது. பலர் விருப்ப ஓய்வு என்னும் பெயரில் வெளியேறினர். 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தி நின்றது. அப்பெண்களின் கை நேர்த்தியில் ஏதேனும் குறை இருந்ததா? இல்லை. அவர்கள் காணாத அறைகளில், அவர்கள் அறியாத மேசைகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் அவர்களுடைய வீட்டு அடுப்பைத் தொட்டன.

இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. 2021 டிசம்பரில் அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர், விடுதியில் உண்ட உணவு நஞ்சானதால் நோயுற்றனர். தோழியரின் நிலை அறியாது கலங்கிய பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. உலகின் மிகுந்த இலாபமீட்டும் கைப்பேசியைச் செய்த கைகளுக்கு நல்ல சோறு கிடைக்கவில்லை என்றால், அவ்வெற்றியில் ஏதோ ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது அல்லவா?

இதனால் விலை மிகுந்தவையெல்லாம் கொள்ளை என்றோ, மலிவானவையெல்லாம் ஏழைகளின் நண்பன் என்றோ முடிவு செய்துவிடலாகாது. இலாபமின்றி ஆய்வில்லை, ஆய்வின்றி நாளைய கருவி இல்லை. அவ்வாறே, 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தபோது, எளிய விலைக் கருவி ஒன்று இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. அதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளை சன்னலோரம் நின்றது. அந்நாள்களில் மலிவு விலை பல பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தாங்கியது என்பதை மறக்கலாகாது.

வாங்குவதற்கு முன்

ஆதலால், பெற்றோரே, பிள்ளைகளே, அடுத்த முறை இவ்வாதம் எழும்போது குரலை உயர்த்துவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, புதிய கருவியில் உள்ள புதுமைகளுள் நம் குடும்பத்திற்கு உண்மையில் தேவையானவை எவை என்று எழுதுங்கள். படிப்பிற்கா, தொழிலுக்கா, அயலூரில் உள்ள மகளின் முகம் காண்பதற்கா? தேவை தெளிவானால் பாதி வாதம் அடங்கிவிடும்.

இரண்டாவதாக, விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய்க் கருவி ஈராண்டில் பழுதானால் மாதத்திற்கு 500 ரூபாய். 30,000 ரூபாய்க் கருவி ஆறாண்டு உழைத்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 417 ரூபாய். ஆனால், நீண்ட காலம் உழைக்கும் என்று வாங்கியதை இரண்டாம் ஆண்டிலேயே மாற்றுபவருக்கு இக்கணக்கு பயன்படாது. எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பித்தல் தருவார்கள், மின்கலத்தை மாற்ற என்ன செலவாகும் என்று கடைக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்விலைக் கருவிகள் சிலவற்றிற்கு ஏழாண்டுப் புதுப்பித்தலை முறையே 2023-இலும் 2024-இலும் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் முதல் குறைந்தது ஐந்தாண்டுப் புதுப்பித்தலையும், ஏழாண்டுகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பதையும் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. மக்கள் விடாது கேட்டால், நிறுவனங்களும் அரசுகளும் செவிசாய்க்கும் என்பதற்கு இவை சான்று. தவணையில் வாங்குவதாயின், மொத்தத் தவணைத் தொகையையும் அதே தாளில் எழுதுங்கள்.

மூன்றாவதாக, "எல்லாரும் வாங்குகிறார்கள்" என்னும் சொல்லைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். சந்தையில் ஒரு நிறுவனம் வென்றதா தோற்றதா என்பது பங்குதாரர்கள் காணும் கணக்கு. நம் வீட்டில் அக்கருவி வென்றதா என்பதை, அது கடனின்றி வந்ததா, நெடுநாள் உழைத்ததா, வீட்டார் ஒருவரோடொருவர் பேசுவதற்குத் துணைநின்றதா என்பவற்றைக் கொண்டு நாமே முடிவு செய்வோம்.

இவ்வளவும் எழுதிய பின்னரும் மகன் விரும்பிய கருவியே ஏற்றது என்று தெளிந்தால், தந்தை மனமுவந்து வாங்கித் தரட்டும். பழையதே இன்னும் ஓராண்டு போதும் என்று தெளிந்தால், மகன் முகம் சுளிக்காமல் ஏற்கட்டும். எம்முடிவாயினும், அது கடை வாயிலில் உள்ள விளம்பரப் பலகையில் அன்றி, நம் வீட்டுக் கூடத்தில் பிறந்த முடிவாக இருக்கட்டும்.