கொத்தனார் நாளைக் குறைக்கலாம், சிமெண்ட் நாளைக் குறைக்க முடியாது

வெளியூர்ல வேலை பார்க்கிற நம்ம பிள்ளைங்க ஊர்ல வீடு கட்ட ஆரம்பிச்சா, முதல்ல தை மாசத்துல கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துடறாங்க. அங்கேயிருந்து பின்னாடி எண்ணி, வேலைக்கு இத்தனை நாள்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பறாங்க. கட்டம் போடறது நல்லதுதான். அதுல இருக்கிற நாள் எல்லாம் ஒரே ரகம்னு நினைக்கிறதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

வானம் தோண்டறது, செங்கல் கட்டறது, பூச்சு இதெல்லாம் ஆளோட நாள். ரெண்டு கொத்தனார் பத்து நாள்ல கட்டற சுவரை நாலு பேர் ஆறு நாள்ல கட்டலாம். அஞ்சு நாள்ல முடியாது, ஏன்னா சாரம் ஒண்ணு, கலவை குழைக்கிற இடமும் ஒண்ணு.

சிமெண்டோட நாள் வேற. சி.ஆர். 1009 நெல்லு 150 நாளைத் தாண்டித்தான் அறுப்புக்கு வரும், நூறு பேரை வயல்ல இறக்கினாலும் முன்னாடி வராது. அது மாதிரிதான். ஐஎஸ் 456னு நம்ம நாட்டுத் தரவிதி இருக்கு. சாதா சிமெண்ட் காங்கிரீட்டை குறைஞ்சது 7 நாள் ஈரமா வைக்கணும். சாம்பல் கலந்த சிமெண்டுன்னாலோ, வெயில் கடுமையா இருந்தாலோ 10 நாள். தளத்துக்கு அடியில நிக்கிற முட்டை, இடைவெளி 4.5 மீட்டர் வரைக்கும்னா 7 நாள் கழிச்சு எடுக்கலாம், அதுக்கு மேலன்னா 14 நாள். பீமுக்கு 14, நீளமானதுக்கு 21. இதுவும் சாதா சிமெண்டுக்குச் சொன்னது. சாம்பல் கலந்தது இன்னும் மெதுவா இறுகும்.

பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக்குத் தளம் போட்ட ஆறாம் நாளே முட்டைப் பிரிக்கச் சொல்லி போன் வந்துச்சு. "யாருமே வேலை செய்யலையே மாமா, சும்மாதானே நிக்குது, வாடகை ஏறுது"ன்னான் அந்தப் பையன். "தளம் இறுகிட்டு இருக்கு மாப்ள, அதுதான் இப்ப வேலை"ன்னேன். கொத்தனாரும் முடியாதுன்னுட்டார். மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி 14 நாள் வச்சுத்தான் பிரிச்சாங்க. ஆனா அங்க விட்ட நாளைப் பூச்சுல பிடிச்சுட்டாங்க. ரெண்டே நாள் தண்ணி அடிச்சுட்டு, சுவர் காயறதுக்குள்ள பெயிண்ட். இப்போ ஹால் முழுக்க மயிரிழை வெடிப்பு, ஜன்னலுக்குக் கீழ பெயிண்ட் உரியுது.

இது போக ஊரோட நாள் இருக்கு. புரட்டாசியில நடவுன்னா எங்க பக்கம் சித்தாள் பெண்கள் வயலுக்குப் போயிடுவாங்க. ஐப்பசி, கார்த்திகை மழை. தெருவுல ஒரு சாவுன்னா அன்னைக்கு வேலை நின்னுடும். இதையெல்லாம் தாமதம்னு கோபப்படறாங்க. வருஷா வருஷம் வர்ற மழை எப்படிங்க தாமதம் ஆகும்?

கொத்தனார்கிட்ட "எத்தனை நாள் ஆகும்?"னு கேட்காதீங்க. உங்க முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவார். எத்தனை ஆள் வருவாங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு கல்லு ஏறும்னு கேளுங்க. நாளை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். கூடுதல் நாளை ஒவ்வொரு வேலையிலயும் ஒளிச்சு வைக்கவும் வேண்டாம். பத்து நாள்னு சொன்னா எட்டு நாள் வேலையும் பத்து நாள் இழுக்கும். மொத்தமா ஒரு மாசத்தைக் கடைசியில எல்லாருக்கும் தெரியற மாதிரி வையுங்க.

என்னைக் கேட்டா முகூர்த்தத்தைத் தளம் போட்ட பிறகு பார்க்கலாம். வேலையை அறுப்பு முடிஞ்சு, தை கடைசியில ஆரம்பிங்க. சித்திரையில தளம் போடற மாதிரி வந்தா, போர்ல தண்ணி இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கோங்க.