2,500 பேர் சொன்னா சரியா?

'அந்த சார் பேப்பருக்கு ஆயிரம் சைட்டேஷனாம்!' கேம்பஸ்ல இந்த வார்த்தைக்குத் தனி மரியாதைதான். ஆயிரம் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்குன்னு அர்த்தம். ஆனா, அது ஐ.எஸ்.ஐ. முத்திரையா?

2006-ல் 'நேச்சர்' இதழில் ஒரு அல்சைமர் கட்டுரை. எழுதியது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு. ஞாபக மறதிக்கு ஒருவகைப் புரதம்தான் காரணம்னு எலிகளை வெச்சு சொன்னாங்க. சைட்டேஷன் சுமார் 2,500!

வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நரம்பியல் டாக்டர் மேத்யூ ஷ்ராக், அதிலிருந்த படங்களை உத்துப் பார்த்தார். வெட்டி ஒட்டியிருக்காங்களோன்னு சந்தேகம். 2022-ல் 'சயின்ஸ்' இதழ் விஷயத்தை உடைத்தது. 2024-ல் கட்டுரை வாபஸ்! அதை நம்பி அதே ரூட்டில் ஆராய்ச்சி செய்தவங்களோட வருஷங்கள் வாபஸ் வருமா?

ஒண்ணு தெரியுமா? 'இது தப்பு'ன்னு திட்டி மேற்கோள் காட்டினாலும் கணக்கில் ஒரு சைட்டேஷன் ஏறிடும். அதனால புராஜெக்டுக்கு ரெஃபரன்ஸ் தேடும்போது எண்ணிக்கையோட நிறுத்தாதீங்க. கட்டுரையை முழுசாப் படிங்க. வேற லேப்லயும் அதே ரிசல்ட் வந்துச்சான்னு பாருங்க. ஷ்ராக் செஞ்சதும் அதுதானே... உத்துப் பார்த்தார்!