மூடி வைத்த பியானோ

பிள்ளைக்குப் பாட்டிலும் தாளத்திலும் நாட்டம் மிகுந்துவிட்டால் பெற்றோர் நெஞ்சில் இருவகை அச்சம் எழுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வழி என்ன என்பது ஒன்று. இந்த வழியில் போனால் பிள்ளையின் ஆன்மா என்னவாகும் என்பது, அதனினும் ஆழமான மற்றொன்று. ஆலயப் பாடற்குழுவில் பிள்ளை ஆர்மோனியம் வாசித்தால் மகிழ்கிறோம். அதே பிள்ளை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாம் அறியாத புதுவகை இசையின் பின்னே போனால் கலங்குகிறோம். அக்கலக்கம் முற்றிலும் காரணமற்றது எனச் சொல்வதற்கில்லை. எனவே, இவ்விரு அச்சங்களையும் தம் சொந்த வாழ்விலேயே சந்தித்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் வரலாற்றை இம்மாதம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் மேரி லூ வில்லியம்ஸ்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரில், 1910ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயின் மடியில் அமர்ந்திருந்த குழந்தை, தாய் வாசித்து முடித்த மெட்டைத் தன் பிஞ்சு விரல்களால் திரும்ப வாசித்ததாம். தாய் திகைத்துப் போனாராம். பின்னர் குடும்பம் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்டை அயலில் இருந்த வெள்ளையர் சிலர் அவர்கள் வீட்டின்மீது கல்லெறிந்தனர். அச்சிறுமியின் வாசிப்பைக் கேட்கத் தொடங்கிய பின்னரே அப்பகை தணிந்தது. ஆறேழு வயதிலேயே விருந்துகளில் பியானோ வாசித்து, கிடைத்த காசைக் கொண்டு அந்தப் பெரிய குடும்பத்தின் அடுப்பெரிய உதவினார் மேரி லூ.

அவர் வாசித்தது ஜாஸ் என்னும் இசை. அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் தங்கள் துயரத்திலும் நம்பிக்கையிலுமிருந்து படைத்துக்கொண்ட இசை அது. எழுதி வைத்த சுரங்களோடு நின்றுவிடாமல், உள்ளத்தில் அந்நேரம் பிறப்பதைக் கைகள் உடனே இசைக்கும். நம் கருநாடக இசையில் மனோதர்மம் என்கிறோமே, அதனோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் அது ஒலித்த இடங்களோ இரவு விடுதிகள். மதுவும் சூதும் மலிந்த கூடங்கள். எனவே பக்தியுள்ள குடும்பங்கள் பல அதனைச் சாத்தானின் இசை என்றே ஒதுக்கின. பாடகிகளைத் தவிரப் பெண்களுக்கு அவ்வுலகில் பெரிதும் இடமில்லாத அக்காலத்தில், மேரி லூ 1930களில் கான்சாஸ் நகரின் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றில் பியானோ வாசித்தார். குழுவினர் அனைவருக்கும் இசையமைத்தும் கொடுத்தார். பென்னி குட்மன், டியூக் எலிங்டன் போன்ற பெருங்கலைஞர்களும் அவரிடம் இசையமைப்புப் பெற்றனர். 1945ஆம் ஆண்டு பன்னிரு ராசிகளின் பெயரால் ஓர் இசைக்கோவை படைத்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு, தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கிலெஸ்பி முதலிய இளங்கலைஞர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் போலவே விளங்கிற்று.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. இல்வாழ்வு நிலைக்கவில்லை. கையில் பணம் தங்கவில்லை. தாம் வளர்த்த இளைஞர் பலர் போதைப் பொருளுக்கு இரையாவதைக் கண்முன்னே கண்டார். 1952இல் இங்கிலாந்து சென்று, பின் பிரான்சு நாட்டில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1954ஆம் ஆண்டு ஒரு நாள் பாரிஸ் நகரின் இரவு விடுதி ஒன்றில் வாசிப்பின் நடுவிலேயே எழுந்து வெளியேறினார். பின்னர் நியூயார்க் திரும்பியும் மேடையேறவில்லை. பியானோ மூடப்பட்டது.

ஹார்லமில் லூர்து அன்னை ஆலயம் ஒன்று உண்டு. பகல் வேளையில் கதவு திறந்திருந்த அவ்வாலயத்தில் நாள்தோறும் பல மணிநேரம் அமர்ந்து செபித்தார். நம் ஆலயக் கதவுகளைத் திறந்து வைப்பதால் யார் யாருக்கு என்ன நன்மை விளையும் என்பது நமக்குத் தெரியாது, ஆண்டவர் அறிவார். 1957ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கின் புனித லொயோலா இஞ்ஞாசியார் ஆலயத்தில், இயேசு சபைக் குரு தந்தை ஆன்டனி வூட்ஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். கிலெஸ்பியின் மனைவி லொரெய்னும் அவரோடு திருமறையைத் தழுவினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். பாவச் சூழலை விட்டுத் தூய வாழ்வுக்கு வந்த ஒருவர் இசையை அடியோடு துறந்துவிட்டார் என்று இவ்வரலாறு முடிந்திருக்குமானால், நம்மில் பலர் மகிழ்ந்திருப்போம். மேரி லூ விரும்பியதும் அதுவே. செபமும் ஏழைகளுக்குத் தொண்டும் போதும், இசை வேண்டாம் என்றே அவர் எண்ணினார். ஆனால் தந்தை வூட்ஸ் அதற்கு இசையவில்லை. "நீர் இசைக்கலைஞர், இசையால் மக்களுக்கு உதவுவதே உமக்கு இறைவன் தந்த பணி" என்ற கருத்துப்பட அவரை மீண்டும் பியானோவிடம் அனுப்பினார். கிலெஸ்பியும் அதையே வற்புறுத்தினார். அவ்வாண்டு ஜூலையிலேயே நியூபோர்ட் இசைவிழாவில் கிலெஸ்பியின் குழுவோடு மேரி லூ வாசித்தார்.

அந்தக் குருவின் அறிவுரை எளிதில் வந்துவிடும் அறிவுரையன்று. இரவு விடுதியின் இசையை விட்டுவிட்டேன் என்று ஒரு பெண் வந்து சொன்னால், 'நல்லது மகளே' என்று ஆசீர் அளித்து அனுப்புவது எளிது. தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியன் தீய வழியில் செலவழித்தவன் அல்லன், அஞ்சியவன். அவ்வச்சத்தையே ஆண்டவர் கண்டித்தார் என்பதை அக்குரு நினைவில் வைத்திருந்தார் போலும்.

திரும்பி வந்த மேரி லூ பழைய மேரி லூவாக இல்லை. போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து, சமைத்துப் போட்டு, அவர்களோடு செபித்தார். அவர்களுக்கென 'பெல் கான்டோ' என்ற பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கினார். அதற்குப் பணம் திரட்டப் பழைய துணிமணிகள் விற்கும் கடையொன்றையும் நடத்தினார். கடை நட்டத்திலேயே ஓடிற்று. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை.

இசையும் புது வழியில் நடந்தது. நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் கையில் துடைப்பத்தோடு காட்சி தரும் புனித மார்ட்டின் தெ போரஸை நாம் அறிவோம். பெரு நாட்டின் லீமா நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் 1579இல் பிறந்து, தொமினிக் சபையில் பணியாளராய் வாழ்ந்தவர் அவர். திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1962 மே 6ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார். அப்புனிதரைப் போற்றித் தந்தை வூட்ஸ் சொல்லெழுத, மேரி லூ பலகுரல் பாடலொன்றை அமைத்தார். அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கின் புனித சவேரியார் ஆலயத்தில் அது அரங்கேறிற்று. ஜாஸ் இரசிகர்களுள் சிலருக்கு அது ஆலயப் பாட்டாகத் தோன்றிற்று. ஆலயத்தார் சிலருக்கு ஜாஸாகத் தோன்றிற்று. இரு கரையிலும் இடமின்றி நிற்பது இத்தகைய கலைஞர்களுக்கு வாய்க்கும் சிலுவை.

திருப்பலிக்கென அவர் மூன்று முறை இசை அமைத்தார். இதன் அருமையை உணரச் சிறிது வரலாறு தேவை. 1903ஆம் ஆண்டு திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் விடுத்த ஒழுங்கில், ஆலயத்தில் பியானோவுக்கே தடை இருந்தது. முரசுக்கும் கைத்தாளத்துக்கும் அவ்வாறே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கனுக்குரிய சிறப்பைப் பேணிக்கொண்டே, தகுதியுள்ள பிற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. நம் ஆலயங்களில் மிருதங்கமும் தபேலாவும் ஒலிப்பது அக்கதவின் வழியாகத்தான். மேரி லூவின் மூன்றாம் திருப்பலி இசை, நீதிக்கும் அமைதிக்குமான வத்திக்கான் ஆணைக்குழுவின் வேண்டுகோளால் 1969இல் எழுந்தது. 1975 பிப்ரவரி 18ஆம் நாள், நியூயார்க்கின் புனித பத்திரிக் பேராலயத்தில், ஏறத்தாழ 3000 பேர் கூடியிருக்க, அவ்விசையோடு திருப்பலி நிறைவேறிற்று. 64 வயதான மேரி லூ பியானோவின் முன் அமர்ந்திருந்தார். ஒரு காலத்தில் ஆலயத்துக்கு ஆகாததெனத் தள்ளப்பட்ட கருவியும், ஆகாததென ஒதுக்கப்பட்ட இசையும், மதிக்கப்படாத இனத்தில் பிறந்த பெண்ணும் ஒன்றாகப் பலிபீடத்தின் அருகே வந்தடைந்தனர்.

1977ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகம் அவரைத் தன்னகத்துக் கலைஞராக அழைத்தது. புற்றுநோய் வருத்திய நாட்களிலும் மாணவர்களுக்குக் கற்பித்து வந்தார். 1981 மே 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். சிறுவர் சிறுமியர் ஜாஸ் கற்பதற்கென ஓர் அறக்கட்டளையையும் விட்டுச் சென்றார்.

அன்பார்ந்த பெற்றோரே, நம் பிள்ளைகள் அனைவரும் மேரி லூ ஆகிவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. கலைவழி கரடுமுரடானது, அங்கே கண்ணிகள் உண்டு. கல்வியையோ கைத்தொழிலையோ கைவிடாதிரு எனப் பிள்ளைக்குச் சொல்வது நம் கடமையே. ஆனால் கண்ணிக்கு அஞ்சிக் கொடையையே அழித்துவிடலாகாது. கிட்டாரை விற்றுவிட்டால் பிள்ளை வீட்டில் இருப்பான்; அவன் மனம் வீட்டில் இருக்குமா? அவன் எதை வாசிக்கிறான் எனக் கேட்பதோடு நில்லாமல், யாருக்காக வாசிக்கிறான் எனக் கேளுங்கள். ஒருநாள் அருகில் அமர்ந்து, புரியாவிட்டாலும் பொறுமையோடு கேட்டுப் பாருங்கள்.

பங்குகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பறை ஒலிக்கும் இடத்தைக் கொண்டே மனிதரைத் தரம்பிரித்த நாடு நமது நாடு. எந்தக் கருவி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நாம் தீர்ப்பிடுமுன் அந்தப் பேராலயத்துப் பியானோவை எண்ணிப் பார்ப்போம். திருவிழாவுக்கு வாசிக்க வரும் இளைஞனுக்கு உரிய ஊதியத்தை முகமலர்ச்சியோடு கொடுப்போம். திருவிழா முடிந்தபின் அவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என விசாரிப்போம். ஆலயம் கதவடைத்தால் அவனை வரவேற்க வேறு கதவுகள் இரவெல்லாம் திறந்திருக்கும்.

கொடுத்தவர் இறைவன். நம் வீட்டில் மூடிக் கிடக்கும் பெட்டியின் உள்ளே அவர் வைத்தது என்ன என்பதை, அதைத் திறந்து பார்த்த பின்னரே நாம் அறிய முடியும்.